வாங்காத க்ளெய்முக்குப் போன போனஸ்

ஐந்து வருடமாக கார் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் க்ளெய்ம் வாங்கியதில்லை. இந்த முறை என்.சி.பி. (க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்கான போனஸ் தள்ளுபடி) 50 சதவீதத்தைத் தொடும் என்று காத்திருந்தேன். ரினீவல் நோட்டீஸில் 15,595 ரூபாய் என்று வந்தது. என்.சி.பி. கட்டத்தில் பூஜ்யம்.

அப்போதுதான் அக்டோபர் மாதம் ஞாபகம் வந்தது. பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் ஒரு ஆட்டோ பின் பம்பரை உரசிவிட்டுப் போனது. பொம்மனஹள்ளி பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் 5,400 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். "க்ளெய்ம்ல போட்டுடலாம் சார்" என்று சொன்ன அட்வைசர், நான் யோசித்து முடிப்பதற்குள் போட்டும் விட்டார். போனில் க்ளெய்ம் நம்பர் வந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், நம் பங்காகக் கட்டாயம் 1,000 ரூபாய், பெயின்டில் கொஞ்சம் என்று கழித்தபின் கைக்கு வருவது சுமார் 2,500. அதற்காக என்.சி.பி.யை இழப்பதா? மறுநாளே அட்வைசரிடம் வேண்டாம் என்று சொல்லி, மொத்தத்தையும் கையிலிருந்து கட்டினேன். இன்சூரன்ஸ்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

போனால் போகிறது என்று விட முடியாத தொகை. எங்கள் காரின் ஓன் டேமேஜ் (நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியம் 9,800. அதில் பாதியும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 5,782 ரூபாய் வித்தியாசம். தேர்ட் பார்ட்டி (மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) அரசு நிர்ணயித்த தொகை, 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416; எத்தனை ஒழுங்காக ஓட்டினாலும் அதில் ஒரு பைசா குறையாது. பூஜ்யத்துக்குப் போய்விட்டால் மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50 வர ஐந்து வருடம்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டுக்கே பிரீமியம் ஏறியது. இங்கும் டிராஃபிக் அபராதங்களை பிரீமியத்தோடு இணைக்கலாம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு 2021-லேயே பரிந்துரைத்தது. என் நோட்டீஸில் அதெல்லாம் இல்லை. சலான் பாக்கியே இல்லாத எனக்கு ஓட்டுநர் ஜாதகம் என்றால் அது க்ளெய்ம் ஜாதகம்தான், அதிலும் ஆறு மாதமாக ஒரு க்ளெய்ம் திறந்தே கிடந்திருக்கிறது.

ரெசிடென்சி ரோடு கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தமிழர்தான், ஆனால் அதனால் பெரிய பயன் இல்லை. "சிஸ்டம்ல ஓப்பன்னு காட்டுது சார். பாலிசி மேடம் பேர்ல இருக்கு, அவங்க லெட்டர் வேணும்." மேடம் என்றது என் மனைவியை. பணம் பட்டுவாடா ஆகாமல் மூடினால் என்.சி.பி. திரும்பும் என்பதையும், சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் வேண்டும் என்பதையும் நான் எழுந்த பிறகுதான் சொன்னார். அன்றைய பெட்ரோலும் பார்க்கிங்கும் தண்டம்.

சர்வீஸ் சென்டரில் அந்த அட்வைசர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர் கன்னடத்தில் "ஆகுத்தே சார், நாளே பன்னி" (ஆகும் சார், நாளைக்கு வாங்க) என்றார். நாளை மூன்று முறை வந்தது. கடைசியில் நான் பத்திரமாக வைத்திருந்த பில்லைக் காட்டியதும்தான், வாடிக்கையாளரே முழுத் தொகையும் கட்டினார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள். அந்த பில்லை மட்டும் தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கிடையில் அபார்ட்மென்ட் நண்பர் ஒருவர் சுலப வழி சொன்னார். "வேற கம்பெனி சைட்டுல போய் போன வருஷம் க்ளெய்ம் இல்லன்னு டிக் பண்ணுங்க, 50 தானா வரும்." வரும்தான். ஆனால் புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்கும்போது அங்கே க்ளெய்ம் ஓப்பன் என்றுதான் பதில் போகும். நாளை நிஜமாகவே விபத்து நடந்தால் அதைக் காட்டியே கையை விரிப்பார்கள். செய்யாதீர்கள்.

பாலிசி சனிக்கிழமை முடிகிறது. காலாவதியானாலும் 90 நாள் வரை என்.சி.பி. போகாது, ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் என்று காரைக் காட்ட வேண்டியிருக்கும். அதுவரை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். புதன்கிழமை மனைவி அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்து, கவுண்டரிலேயே கையெழுத்துப் போட்டாள். "ஹெட் ஆபீஸ் பார்க்கணும், பத்து நாள் ஆகும்" என்றார் அதே மனிதர். கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன் (இதை மறக்கவே கூடாது). அன்று இரவே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எல்லாவற்றையும் இணைத்து மெயில் அனுப்பி, வெள்ளிக்குள் பதில் இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் பதிவாகும் என்று ஒரு வரி சேர்த்தேன். 155255 என்ற அதன் உதவி எண்ணையும் எழுதி வைத்திருந்தேன்.

தேவைப்படவில்லை. பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. வெள்ளி மாலை நான்கு மணிக்கு, பட்டுவாடா இன்றி க்ளெய்ம் மூடப்பட்டது என்று மெயில். இரவு கம்பெனி தளத்தில் 50 சதவீதம் வந்திருந்தது. 9,813 ரூபாய் கட்டினேன்.

மிச்சமான பணத்தில் தன் அரை நாள் சம்பளம் எவ்வளவு என்று மனைவி கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.