ஒரே கிக், மூன்று பெட்டிகள்: ட்ரம் மெஷினும் சாம்ப்ளரும்

இந்தத் தடவை பாட்டு எதையும் முடிக்கும் எண்ணமில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் விடை தெரிய வேண்டியிருந்தது. தாள ஒலிகளைத் தானே உண்டாக்கும் ட்ரம் மெஷினின் ஒலிகளை அப்படியே, ஒலியைப் பதிந்து திருப்பி வாசிக்கும் சாம்ப்ளருக்குள் பிடித்து வைத்துவிட்டால், அப்புறம் ட்ரம் மெஷின் தனியாக எதற்கு? மேசையில் இருப்பவை ரோலண்ட் டிஆர்-8எஸ், எலெக்ட்ரான் டிஜிடாக்ட் (2017-இல் வந்த முதல் மாடல்), ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2. முதலாவது ட்ரம் மெஷின், மற்ற இரண்டும் சாம்ப்ளர்கள்.

டிஆர்-8எஸ்ஸில் 808 கிக்கை (பழைய டிஆர்-808 ட்ரம் மெஷினின் பாஸ் ட்ரம் அடி) எடுத்து, டீகேயை (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) நன்றாக நீட்டி, ஒரே ஒரு அடியை டிஜிடாக்டில் ரெக்கார்ட் செய்தேன். தனித்தனியாகத் தட்டிக் கேட்டபோது எது எதிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியவில்லை. பதினாறு ஸ்டெப்பில் (தாளச் சுற்றின் சம கட்டங்கள்) நெருக்கமான ஒரு தாளத்தைப் போட்டதும் இரண்டும் பிரிந்துவிட்டன. டிஆர்-8எஸ்ஸில் அடுத்தடுத்து விழுந்த கிக்குகள் ஒன்றோடொன்று கலந்து உருண்டன. டிஜிடாக்டில் ஒவ்வொரு அடியும் முந்தையதை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது.

காரணம் பழைய சர்க்யூட்டில் இருக்கிறது. 1980-இல் வந்த டிஆர்-808-இல் கிக் என்பது பதிவு செய்து வைத்த ஒலி அல்ல. ஒரு மின் துடிப்பு வந்து மோதும்போது சர்க்யூட் தானே அதிர்ந்து, மெல்ல அடங்குகிறது. அடங்குவதற்குள் அடுத்த துடிப்பு வந்தால், மிச்சமிருக்கும் அதிர்வின் மேலேயே அது ஏறும். அதனால் இரண்டு அடிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. டிஆர்-8எஸ் அந்த சர்க்யூட்டின் நடத்தையைக் கணக்கிட்டு ஒலியை உண்டாக்குகிறது. டிஜிடாக்டின் ஒரு ட்ராக்கிலோ ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான் ஓடும்.

அடுத்த வித்தியாசம் ட்யூனிங். ட்ரம் மெஷினில் ட்யூன் ஒரு குமிழ், டீகே இன்னொரு குமிழ். ஒன்றைத் திருப்பினால் மற்றது அசையாது. சாம்ப்ளரில் சுருதியை இறக்கினால் ஒலி நீண்டுவிடும். ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கினால் இரு மடங்கு நீளம். அடியின் தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன ‘டக்’கும் கூடவே மழுங்கிப்போகும். ஸ்னேர் ட்ரம்மில் இது எனக்குப் பிடித்திருந்தது, கனமாக விழுந்தது. கிக்கில் பிடிக்கவில்லை. சரி என்று வெவ்வேறு டீகேயிலும் சுருதியிலும் அழுத்தத்திலும் பல கிக்குகளைப் பதிவு செய்து, டிஜிடாக்டின் சாம்பிள் லாக் வழியாக ஸ்டெப்புக்கு ஒன்றாக வைத்தேன். தாளம் உயிர்பெற்றது உண்மை. ஆனால் எட்டு பார் (தாளச் சுற்று) முழுக்க டீகே குமிழை மெதுவாகத் திறந்துகொண்டே போகும் சுகம் அதில் இல்லை. எனக்கு எலெக்ட்ரானிக் இசையில் பாதி இன்பமே அந்தத் திருப்பலில்தான்.

ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்) விஷயம் சீக்கிரம் முடிந்தது. திறந்த ஹேட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹேட் விழுந்தால் முந்தையது அடங்க வேண்டும். டிஆர்-8எஸ்ஸில் இது தானாக நடக்கிறது. டிஜிடாக்டில் இரண்டையும் ஒரே ட்ராக்கில் வைத்தால் போதும், கிக்கில் தொந்தரவாக இருந்த அதே வெட்டு இங்கே கைகொடுக்கிறது. எஸ்பி-404-இல் இதற்கு ம்யூட் குரூப் இருக்கிறது, ஒன்று ஒலித்தால் மற்றதை நிறுத்தும் வசதி.

அதிக நேரம் பிடித்தது ஸ்விங்தான், அதாவது ஒவ்வொரு இரண்டாவது நோட்டையும் கொஞ்சம் பிந்த வைப்பது. ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் வந்த அகாய் எம்பிசி60 சாம்ப்ளரில் ஸ்விங் 50 (நேர்த்தாளம்) முதல் 75 சதவீதம் வரை போகும். எண்கள் சின்னவை, விளைவு பெரியது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு பதினாறாம் நோட் (தட்டின் கால் பங்கு) 125 மில்லிசெகண்ட். 54 சதவீதம் வைத்தால் ஒவ்வொரு இரண்டாவது நோட்டும் 10 மில்லிசெகண்ட் பிந்தும், 62 வைத்தால் 30. பத்து மில்லிசெகண்ட் பிந்தினாலே உடம்புக்குத் தெரிகிறது! டிஜிடாக்டில் இந்தச் சதவீதம் நேரடியாகவே இருக்கிறது. டிஆர்-8எஸ்ஸில் ஷஃபிள் குமிழ். அதன் எண் வேறு கணக்கு. இரண்டு பெட்டிகளையும் மிடி க்ளாக்கில் (பெட்டிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் சிக்னல்) இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: க்ளாக் கால் நோட்டுக்கு (ஒரு தட்டுக்கு) 24 துடிப்புகளை மட்டும்தான் அனுப்புகிறது, ஸ்விங் அதில் போவதில்லை. ஒரு பெட்டியில் ஹேட் சாய்ந்தும் மற்றதில் ஷேக்கர் நேராகவும் ஓடினால் இரண்டும் இரட்டையடியாகக் கேட்கும். அதனால் ஹேட், ஷேக்கர், கைதட்டல் மூன்றையும் எப்போதும் ஒரே பெட்டியில் வைக்கிறேன்.

சாம்ப்ளரின் பக்கம் நியாயமில்லாமல் இல்லை. எஸ்பி-404 எம்கே2-இல் ஸ்கிப்-பேக் என்று ஒன்று உண்டு. ரெக்கார்ட் அழுத்தாமலே இருந்தாலும் கடைசி 25 செகண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். டிஆர்-8எஸ்ஸை அதற்குள் ஓடவிட்டு, குமிழ்களைத் திருப்பி விளையாடி, நல்லதாக ஒன்று அமைந்ததும் பொத்தானை அழுத்தினால் அந்த நான்கு பார் பேடுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அதைத் துண்டு போட்டு விரலால் வாசிக்கலாம். சீக்வென்சரில் (ஸ்டெப் ஸ்டெப்பாகத் தாளத்தை எழுதும் இடம்) ஒருபோதும் எழுதியிருக்க முடியாத தாளங்கள் எனக்கு இங்கிருந்துதான் வந்தன.

பழைய சாம்ப்ளர்களின் கரகரப்பையும் முயன்று பார்த்தேன். 1987-இன் ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே 10 செகண்ட்தான் சாம்பிள் செய்யலாம், அதுவும் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் என்ற குறைந்த தரத்தில். இடத்தை மிச்சம் பிடிக்க 33 வேக இசைத்தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, பெட்டிக்குள் சுருதியை இறக்குவார்கள். டிஜிடாக்டில் அதே அளவுக்கு, அதாவது சுமார் ஐந்து செமிடோன் (அரைச் சுரம்), ஏற்றி, ரீசாம்பிள் செய்து (மறுபடி பதிந்து), இறக்கினால் மாற்றம் அநேகமாகக் கேட்கவில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் இழப்பதற்கு அவ்வளவு கொஞ்சம்தான் இருக்கிறது. ஒரு ஆக்டேவ் முழுதாக ஏற்றி இறக்கியபோது 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது போய்விட, ஹேட்டின் ஓரம் மங்கியது. அதன்மேல், ஒலியைக் கரகரப்பாக்கும் பிட் ரிடக்‌ஷன் கொஞ்சம். எஸ்பி-1200 ஆகவில்லை, ஆனால் கிக்குக்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது.

இப்போதைக்கு கிக்கும் ஹேட்டும் டிஆர்-8எஸ்ஸிலேயே பிறக்கின்றன. ஸ்னேர், குரல் துண்டுகள், உடைத்த லூப்கள் சாம்ப்ளரில். ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் டிஜிடாக்டைச் சொல்வேன், தயங்காமல். அடுத்த வேலை, டிஜிடாக்டின் மிடி ட்ராக்கிலிருந்தே டிஆர்-8எஸ்ஸின் கிக்கை அடிப்பது. ஸ்விங் ஒரே இடத்திலிருந்து வரும். டீகேயையும் ஸ்டெப்புக்கு ஸ்டெப் லாக் செய்து அனுப்பலாம்.