சோப் ருவாக்கின் அபின் வீடு

கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்த காய்கள் ஏழெட்டு கிடந்தன. மாதுளம்பிஞ்சு அளவு, தலையில் சின்னதாக ஒரு கிரீடம். அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். "டேய், இதுக்குள்ள இருக்கிறது கசகசாதானே?" என்றாள்.

கசகசாதான். குருமாவுக்கு முந்திரியோடு சேர்த்து அரைக்கிறோமே, அதே விதை. விதையில் போதை இல்லை. பச்சைக் காயின் தோலைக் கீறினால் வடியும் பாலில்தான் எல்லாம் இருக்கிறது; அது காய்ந்தால் அபின். சிங்கப்பூரில் இருக்கும் தன் மகனுக்கு அக்கா மசாலா கட்டும்போதெல்லாம், கசகசா மட்டும் வேண்டாம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள் என்று அவன் போனில் சொல்லிக்கொண்டே இருப்பானாம். "ஏன்னு இப்பத்தான் புரியுது" என்று அந்தப் பெட்டியை விட்டு நகராமல் நின்றாள்.

வட தாய்லாந்தில் சோப் ருவாக் என்ற சிற்றூரில் இருக்கும் 'அபின் வீடு' அருங்காட்சியகம் அது. தங்க முக்கோணம் என்று உலகம் சொல்லும் இடம் இதுதான். சியாங் ராயிலிருந்து காலையில் வேன் பிடித்து, சியாங் சேன் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கினோம். ஜனவரி மாதம், ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. ருவாக் ஆறு மேகோங்கில் வந்து சேரும் முனையில் நின்றால் வலதுபுறம் லாவோஸ், இடதுபுறம் மியான்மர், காலடியில் தாய்லாந்து. 1971-இல் அமெரிக்க வெளியுறவு அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது சொன்ன பெயர் 'தங்க முக்கோணம்'. மலையிலிருந்து இறங்கும் அபினுக்கு வியாபாரிகள் தங்கமாகவே கொடுத்தார்கள், அதனால் வந்த பெயர் என்று ஊரில் வேறு கதையும் சொல்வார்கள்.

கரையில் கப்பல் வடிவ மேடை ஒன்றில் பெரிய பொன்னிறப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். எதிர்க்கரையில், லாவோஸ் பக்கம், மகுடம் வைத்த சூதாட்ட மாளிகை மின்னுகிறது. போதைப்பொருள் கடத்தல், ஆள் கடத்தல், பணமோசடி என்று குற்றம் சாட்டி அதை நடத்துபவர்கள் மீது அமெரிக்க நிதித்துறை 2018-இல் தடை விதித்தது. புத்தரும் அந்த மாளிகையும் ஒரே பார்வையில் விழும்போது மனசு என்னவோ செய்தது.

அருங்காட்சியகம் புத்தருக்கு எதிர்ப்புறம், கடைவீதியிலேயே இருக்கிறது. சின்ன இடம். வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம்.

காய் கீறும் கத்திகளைப் பார்த்தபோது ஏதோ நம்மூர் விவசாயக் கருவி போலவே இருந்தது. மூன்று சின்ன அலகுகளைச் சேர்த்து நூலால் கட்டிய கத்தி. இதழ் உதிர்ந்த பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், காயின் மேல் அதை மெதுவாக இழுக்கிறார்கள். ஆழமாகப் போனால் பால் உள்ளே வடிந்து வீணாகிவிடும். மேலோட்டமாகப் போனால் வராது. ராத்திரி முழுக்கக் கசிந்து பழுப்பாகக் கட்டிப்படும் பாலை, விடிவதற்குள் பிறை வடிவத் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். ஒரே காயைப் பல நாள் இப்படிக் கீறுவார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வேலையின் சிரமம் புரியும். இங்கே மரத்துக்குப் பதில் மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான காய்கள். ஹமாங், ஆக்கா, லாஹு, லிசு மலைக்குடிகள் குடும்பத்தோடு இறங்கிச் செய்த வேலை. விலை போட்டவர்களும் பணம் பண்ணியவர்களும் வேறு ஆட்கள்.

அதற்கடுத்து எடைக்கற்கள். என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவை இவைதான். பித்தளையில் வார்த்த சின்னச் சின்ன மிருகங்கள்: யானை, சிங்கம், அப்புறம் வரிசை வரிசையாக ஒரு பறவை. அதை பர்மாவில் 'ஹின்தா' என்கிறார்கள். 'ஹம்ஸ'தான் அப்படித் திரிந்திருக்கிறது. நம்முடைய அன்னம். பெரியதிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரை ஒரே அன்னம் சிறுத்துக்கொண்டே போகிறது. சந்தையில் எல்லாப் பொருளுக்கும் இவைதான் எடைக்கல், அபினுக்கும் இவையே. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் சொல்லும் பறவையை வைத்து இங்கே வேறொரு பாலை நிறுத்திருக்கிறார்கள். பக்கத்தில் வயலின் வடிவ மரப்பெட்டிகளில் கைத்தராசுகள். ஒரு பெட்டி என் உள்ளங்கை நீளம்கூட இல்லை, இடுப்பில் செருகிக்கொண்டு மலை ஏறலாம்.

புகைக்குழாய்கள் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன. மூங்கில், தந்தம், வெள்ளிப்பூண் போட்டது. அபினைச் சுருட்டு போலப் பற்றவைக்க மாட்டார்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சின்ன உருண்டையைக் குழாயின் கிண்ணத்தில் வைத்து, விளக்குச் சூட்டில் ஆவியாக்கி இழுப்பார்கள். அதனால்தான் தலையணைகளும் காட்சிக்கு இருக்கின்றன. கடினமான, பளபளப்பான பீங்கான் தலையணைகள். எத்தனை ஆயிரம் தலைகள் அதன் மேல் கிடந்திருக்கும் என்று நினைத்தபோது குழாய்களின் அழகு எனக்குப் போய்விட்டது.

கூன் சா பற்றிய பகுதியும் உண்டு. மியான்மரின் ஷான் மலைகளில் தனிப் படை வைத்திருந்த அபின் பிரபு. 1967-இல் அவருடைய அபின் சுமந்த கோவேறு கழுதைப் படைக்கும், சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று வந்து மலைகளில் தங்கிவிட்ட கோமின்டாங் என்ற தேசியவாதக் கட்சியின் படைக்கும், லாவோஸ் பக்கக் கரையில் சண்டை நடந்தது. நடுவில் லாவோஸ் ராணுவம் விமானத்தில் வந்து இரண்டு தரப்பின் மீதும் குண்டு போட்டது. அந்த ராணுவத்தின் தளபதியே அபின் வியாபாரத்தில் இருந்தவர். 1996 ஜனவரியில் கூன் சா மியான்மர் அரசிடம் சரணடைந்தார். அமெரிக்கா கேட்டும் அவரை ஒப்படைக்கவில்லை. 2007-இல் யாங்கோனில் இறந்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குச் சற்று வடக்கே இருக்கும் பெரிய 'அபின் மண்டப'த்துக்கும் போனோம். இது வேறு மாதிரி. மலைக்குள் குடைந்த 130 மீட்டருக்கு மேல் நீளமான இருட்டுச் சுரங்கம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் முறுக்கிக்கொண்டு தவிக்கும் மனித உருவங்கள் புடைப்பாக. அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாய்லாந்தின் மறைந்த மன்னர் பூமிபோலின் தாயார் விரும்பி உருவான இடம் இது. ஹெலிகாப்டரில் மலைக்கிராமங்களுக்கு வருவாராம் அவர். அதனால் மலைமக்கள் வைத்த பெயர் 'மே ஃபா லுவாங்', வானத்திலிருந்து வரும் அம்மா என்ற பொருளில்.

அக்கா இருபத்தெட்டு வருடம் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். பிரிட்டனும் சீனாவும் மோதிய அபினிப் போர்கள் பற்றிய பகுதி வந்ததும் நின்றுவிட்டாள். "முதல் போர் 1839 முதல் 1842, இரண்டாவது 1856 முதல் 1860. நான்கிங் உடன்படிக்கை, ஹாங்காங் பிரிட்டனுக்கு. இவ்வளவுதான்டா நான் போர்டுல எழுதிப் போட்டது. அபின் எங்க விளைஞ்சதுன்னு ஒரு பிள்ளையும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

விளைந்தது நம் மண்ணில். பீகாரிலும் காசியைச் சுற்றியும். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு, விலையையும் கம்பெனியே வைத்தது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினைப் பந்து பந்தாக உருட்டி, அதே செடியின் இதழ்களால் சுற்றி, மாமரப் பெட்டிகளில் நாற்பது நாற்பதாக அடுக்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். சீனாவில் அபின் தடை செய்யப்பட்டிருந்ததால் கம்பெனி தன் கப்பலில் ஏற்றாது. ஏலத்தில் எடுத்த தனி வியாபாரிகள் கடத்திக்கொண்டு போவார்கள், அங்கே அபின் விற்றுக் கிடைத்த வெள்ளியில் கம்பெனி தேயிலை வாங்கும். கடத்தல்காரனைப் பிடிக்கத்தான் இன்று சட்டம் இருக்கிறது. அன்று கடத்தலுக்குச் சரக்குக் கொடுத்ததே அரசாங்கம்.

லின் செக்ஸு என்ற சீன அதிகாரி 1839-இல் 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து, ஹூமென் கடற்கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதற்கு முன் கடல் தெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் எழுதினார். உன் நீரை அசுத்தப்படுத்துகிறேன், மன்னித்துவிடு, மீன்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல் என்று. போதைப்பொருள் தடுப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வரும் மனிதர் இவர்தான். இதற்குப் பதிலடியாகத்தான் பிரிட்டன் போர் தொடுத்தது. மதராஸ் படையின் 37-ஆவது காலாட்படை பிரிட்டன் பக்கம் அந்தப் போருக்குப் போனது. 1841 மே மாதம், கான்டன் அருகே சான்யுவான்லி என்ற இடத்தில் கொட்டும் மழையில் அதன் ஒரு பிரிவு வழிதவறி, துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாமல், ஆயுதம் ஏந்திய கிராமத்துக்காரர்களிடையே மாட்டிக்கொண்டது. வீரத்துக்காக அந்தப் படைக்குப் பட்டம் கொடுத்தார்கள். நம் பக்கத்து ஏழை விவசாயி வீட்டுப் பையன்கள், சம்பளத்துக்காகப் போய், வேறொரு ஏழை விவசாயியோடு சண்டை போட்டிருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். பதிலே சொல்லாமல் ரொம்ப நேரம் நின்றாள்.

மருந்துகளைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளர், இருநூறு வருடத்துக்கு முன். 1898-இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்க ஆரம்பித்தது. இதெல்லாம் தெரிந்த கதை. எனக்குத் தெரிந்த மார்ஃபின் வேறு. 2009-இல் அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை. பக்கத்து நகரத்து மருத்துவமனையில் உரிமம் புதுப்பிக்கவில்லை என்றார்கள். பதினோரு நாள் அலைந்தேன். அந்தப் பதினோரு நாளும் அப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கடைசியில் கிடைத்தது 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் நாள் ராத்திரியே அப்பா தூங்கினார். அவர் தூங்குவதை நானும் அக்காவும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் நாட்டில் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனைகள் கடுமையாக இருந்தன. மாநில அரசின் பல துறைகளில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. பயந்துபோய் மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. உலகத்துக்கு அபின் விளைவித்த நாட்டில், இன்றும் அரசு உரிமத்தோடு அபின் பால் எடுக்கும் நாட்டில், நோயாளிக்கு மாத்திரை இல்லை. வலிநிவாரண சிகிச்சைக்காரர்கள் பல வருடம் போராடி 2014-இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அப்பாவுக்கு அது ஐந்து வருடம் தாமதம். கடத்தலைத் தடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வலியில் கிடக்கிற மனிதனைக் கணக்கில் எடுக்காத சட்டம் என்ன சட்டம்? தாய்லாந்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 2003-இல் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று அரசு அறிவித்தபோது மூன்று மாதத்தில் 2,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலருக்குப் போதைப்பொருளோடு தொடர்பே இல்லை என்று பிறகு விசாரணை சொன்னது.

மாலையில் மறுபடி ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். 2011 அக்டோபரில் இந்த ஆற்றில்தான் இரண்டு சரக்குக் கப்பல்களில் இருந்த 13 சீன மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு நாடுகள் சேர்ந்து ஆற்றில் ரோந்து போகின்றன. ஆனாலும் மலைக்கு அப்பால் ஷான் மாநிலத்தில் இன்று மெத்தாம்பெட்டமின் என்ற செயற்கைப் போதை மாத்திரைகள் கொட்டுகின்றன, தாய்லாந்து மொழியில் 'யாபா', பைத்திய மருந்து. 2023-இல் ஆப்கானிஸ்தானை முந்தி மியான்மர் உலகிலேயே அதிக அபின் விளைவிக்கும் நாடானது, ஐ.நா. மதிப்பீட்டில் 1,080 டன்.

மறுநாள் தோய் துங் மலைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்துப் போனோம். 1988-இல், தன் எண்பத்தேழு வயதில், அந்த வானத்து அம்மா அபினுக்கு மாற்றுப் பயிர் தேடி ஆரம்பித்த திட்டம் இங்கேதான். மொட்டையாகக் கிடந்த மலை இப்போது காடு. நிழலில் காப்பிச் செடி. வளைவு ஒன்றில் ஆக்காப் பெண் ஒருவர் கூடையோடு பழம் பறித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதாவது இருக்கும். காரை நிறுத்தச் சொல்லி, ஓட்டுநரை வைத்துப் பேசினோம். சின்ன வயதில் எதிர்மேடு வரைக்கும் வெள்ளைப் பூவாக இருக்குமாம். விடியும் முன்னே அப்பா எழுப்பிவிடுவாராம், பால் வழிக்க. கை பிசுபிசுவென்று ஒட்டும், குளிரில் விரல் மடங்காது என்று விரலை மடக்கிக் காட்டினார்.

அப்புறம் அவர் ஏதோ கேட்டார். ஓட்டுநர் திரும்பி, "உங்க நாட்டுல அந்தச் செடி இன்னும் இருக்கான்னு கேக்கிறாங்க" என்றார்.

இருக்கிறது, மருந்துக்காக அரசாங்கமே வளர்க்கச் சொல்கிறது என்றாள் அக்கா. ஓட்டுநர் அதைச் சொல்லி முடித்ததும் அவர் மறுபடி ஒரு கேள்வி கேட்டார். அங்கேயும் விடியும் முன்னேதான் வழிக்கிறார்களா?

ஆமாம் என்று அக்கா தலையாட்டினாள். அவர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.