பால்மா டின்னுக்குள் மருந்து

மாதம் ஒருமுறை, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் போய் வருகிறேன். எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். அங்கே அம்மாயி பேரனின் மருந்துப் போத்தலில் லேபிளைக் கிழித்துவிட்டு, பால்மா டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

எச்ஐவி மருந்து அரசாங்க கிளினிக்கில் இலவசம்தான். ஆனால் கண்டிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. அதை நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கிறோம்.

தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. பெரிய விஷயம். அதற்கு முன்பே தொற்றோடு பிறந்த பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே? ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் இது தொற்றாது. ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தாலும் தொற்றாது. தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

போன தடவை அவனே டின்னைத் திறந்து காட்டினான். "இன்னைக்குப் போட்டாச்சு அக்கா."