ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை ரெய்டு ஏன் கழற்றியது?

மாட்டுங்காவில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவின் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ், நான்கு ஹார்டு டிஸ்க், அவற்றை ஒரே சேமிப்பாக இணைக்கும் ரெய்டு 5 முறை. தனி ரெய்டு கார்டு கிடையாது. லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள எம்டி என்ற ரெய்டு பகுதியே எல்லாம் செய்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஒருநாள் எம்டி ஒரு டிஸ்க்கைப் பழுது என்று ஒதுக்கிவிட்டது. வேறு கணினியில் மாட்டினால் டிஸ்க் ஓடுகிறது. சில செக்டர்களில், அதாவது தரவு பதியும் சிறு கட்டங்களில், மட்டும்தான் கோளாறு.

"ஓடுகிற டிஸ்க்கை ஏன் தம்பி கழற்றிப் போட்டது?" என்றார் ஸ்டூடியோ அண்ணாச்சி. நியாயமான கேள்வி.

விடை கர்னல் பதிவில் இருந்தது. வீட்டுக் கணினிக்கென விற்கும் டிஸ்க், ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் லேசில் விடாது; நிமிடக்கணக்கில்கூட முயன்றுகொண்டிருக்கும். கர்னலின் பொறுமையோ 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்துவிடும். அப்போதும் டிஸ்க் வாய் திறப்பதில்லை. திருத்திய தரவை எழுதப் போகும் எம்டிக்கு எழுதுவதும் தோற்க, டிஸ்க்கையே வெளியேற்றிவிடுகிறது. "படிக்க முடியவில்லை" என்று சட்டென ஒப்புக்கொண்டிருந்தால் எம்டி அந்த செக்டரை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அங்கேயே திரும்ப எழுதியிருக்கும். டிஸ்க்கும் மாற்று செக்டர் ஒதுக்கிச் சமாளித்திருக்கும்.

முதலில் அண்மைக் கல்யாணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். பிறகு ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி மூலம் பிழைமீட்பு நேரத்தை, அதாவது டிஸ்க் முயன்றுகொண்டிருக்கும் வரம்பை, 70 என்று வைத்தேன். அலகு விநாடியில் பத்தில் ஒன்று, ஆக 7 விநாடி. மின்சாரம் நின்றால் டிஸ்க் இதை மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி செய்தேன். இரண்டு டிஸ்க்குகள் கட்டளையை ஏற்கவே இல்லை. கழன்றதும் அவற்றில் ஒன்று. அவற்றுக்குக் கர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்தினேன். எடிட்டிங் மூன்று நிமிடம் உறைந்து நிற்கலாம், நிற்கட்டும்.

மாறிய இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால், கழன்ற டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தபோது இடையில் மாறிய பகுதிகள் மட்டுமே ஒத்திசைந்தன. அதை உடனே பிடுங்கவில்லை. லாமிங்டன் ரோட்டில் புது டிஸ்க்குகள் வாங்கி, எம்டியின் ரீப்ளேஸ் கட்டளையால் மாற்றினேன். பழையது உள்ளே இருக்கும்போதே நகல் நடக்கும். படிக்க முடியாத இடங்களை மட்டும் மற்றவை நிரப்பும். கர்னல் 3.3 முதல் இந்த வசதி உண்டு, ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. வாங்கும்போது, தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகை வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். மீள்கட்டுமானத்தில் அது நத்தைபோல் நகரும். ஐந்தாவதையும் சேர்த்து, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 ஆக்கியாகிவிட்டது.

இத்தனை நாள் அந்தக் கெட்ட செக்டர்கள் எப்படி மறைந்திருந்தன? டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டி முழுச் சோதனை தானாக ஓடும். இங்கோ கடை பூட்டும்போது சர்வரையும் அணைத்துவிடுவார்கள். சோதனையைச் செவ்வாய் மதியத்துக்கு மாற்றினேன்.

டிஸ்க்கைப் பழுது என்று அறிவிக்கும் ஃபெயில் கட்டளையால் அதைச் சாகடித்துப் பார்ப்பதை நான் சோதனையாகக் கருதுவதில்லை. அது ஒழுங்கான சாவு. எச்டிபார்ம் என்ற டிஸ்க் கருவி கொண்டு புது டிஸ்க்கில் ஒரு செக்டரை வேண்டுமென்றே கெடுத்து முழுச் சோதனையை ஓட்டினேன். படிப்புப் பிழை திருத்தப்பட்டதாகப் பதிவு வந்தது. ஐந்து டிஸ்க்கும் அணியில் இருந்தன. எச்சரிக்கை மின்னஞ்சல் இப்போது எனக்கும் அண்ணாச்சியின் மகளுக்கும் போகிறது. அண்ணாச்சி மின்னஞ்சல் பார்ப்பதில்லை.