ஜிஆர்இ வெர்பல்: சின்னச் சொற்களை முதலில் பிடியுங்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதிய ஜிஆர்இ தேர்வின் ஸ்கோர் வந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லறிவையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல் பகுதியில் எதிர்பார்த்த எண் கிடைத்த நிம்மதியில், எல்லாம் மறப்பதற்குள் எழுதுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. எனக்குக் கைகொடுத்தது மூன்று, நான்கு, ஐந்து எழுத்துச் சொற்கள்தான். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் நீளச் சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நீளச் சொல் தன்னைப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். 'மாக்னானிமஸ்' என்றால் மாக்னஸ் பெரியது, அனிமஸ் மனம். இரண்டு லத்தீன் வேர் தெரிந்தால் பெருந்தன்மை என்று ஊகித்துவிடலாம். சின்னச் சொல்லில் பிடித்துக்கொள்ள முன்னொட்டும் கிடையாது, பின்னொட்டும் கிடையாது. ஒரே சாயலில் இருக்கும் அண்ணன் தம்பிகளை அடையாளம் காண்பது மாதிரிதான்: தனித்தனியாகப் பார்த்தால் குழம்பும், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். அதனால் அகரவரிசைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, எழுத்து ஒத்துப்போகும் சொற்களை ஒரே பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.

முதல் பக்கம், எக்ஸ் எழுத்தில் முடிபவை:

- வெக்ஸ்: எரிச்சலூட்டு
- லாக்ஸ்: கண்டிப்பில்லாத, மெத்தனமான
- கோக்ஸ்: நயமாகப் பேசி இணங்கவை
- ஹோக்ஸ்: புரளி, ஏமாற்றுவேலை
- க்ரக்ஸ்: விஷயத்தின் மையம்
- ஃப்ளக்ஸ்: ஓயாத மாற்றம்
- டாக்ஸ்: வினையாக வந்தால், பொறுமையையோ வலுவையோ சோதிப்பது
- வாக்ஸ்: வினையாக வந்தால், வளர்வது

கடைசி இரண்டும்தான் ஆபத்து. வரி, மெழுகு என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டதால் அடுத்த அர்த்தம் தோன்றவே தோன்றாது. சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் (கோடிட்ட இடத்தில் போட்டால் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வகை) இப்படி ஒரு கேள்வியை நினைத்துப் பாருங்கள்: முடிவுகள் தள்ளிப்போகப் போக, ஆய்வின் மீதிருந்த ஆர்வம் என்ன ஆனது? விடைகளில் வாக்ஸ், சர்ஜ், வேன், ஃப்ளாக் நான்கும் இருக்கின்றன. வாக்ஸும் சர்ஜும் பெருகுவதைச் சொல்லும் ஜோடி. வாக்கியத்துக்கு நேர் எதிர். சரியான ஜோடி வேன் (தேய்வது), ஃப்ளாக் (தளர்வது). ஃப்ளாக் என்றால் கொடி மட்டும்தான் என்று நினைப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் பாதி மார்க் கிடைக்காது என்பதால், இந்த ஒரு சொல்லிலேயே கேள்வி போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பக்கம். அவெர் என்றால் உறுதிபடச் சொல்வது. அவௌ என்றால் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது. அவெர்ட் என்றால் வராமல் தடுப்பது, அல்லது பார்வையைத் திருப்பிக்கொள்வது. அவெர், வெரிஃபைக்குச் சொந்தம். இரண்டிலும் உண்மை என்ற வேர் இருக்கிறது. அவெர்ட், கன்வெர்ட்டுக்குச் சொந்தம். அங்கே வேர் திரும்புதல். இதைப் பார்த்த பிறகு மூன்றும் எனக்குக் குழம்பவே இல்லை.

டிஃபர் ஒத்திவைப்பது, டிட்டர் தயங்கிப் பின்வாங்க வைப்பது, டிமர் ஆட்சேபம் சொல்வது. டிமரின் கடைசியில் ஓர் 'இ' சேர்ந்தால் டிமியூர், அடக்கமான என்று பொருள். 'இஸட்' போட்ட ரேஸ் தரைமட்டமாக்குவது. உயர்த்துவதைச் சொல்லும் ரெய்ஸுக்கும் அதே உச்சரிப்பு, நேரெதிர்ப் பொருள். ரேஸரின் வேர்தான் தரைமட்டமாக்கும் ரேஸுக்கும்.

ஜி-எல் என்று தொடங்கும் பல சொற்கள் ஒளியைச் சுற்றியே வரும்: க்ளீம், க்ளின்ட், க்ளோ, க்ளேர். இப்படி ஒலியும் பொருளும் சேர்ந்து வருவதற்கு ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1930-இல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். நினைவில் வைக்க உதவும், விடையளிக்க உதவாது. க்ளிப் என்றால் ஆழமில்லாமல் சரளமாகப் பேசுவது, க்ளம் என்றால் முகம் வாடிய; இரண்டிலும் ஒளியே இல்லை.

தெரிந்த சொல் மாதிரி வருபவை, இவற்றைத் தனியாக எழுதிவையுங்கள்:

- கவ்: மிரட்டிப் பணியவை
- ஹெட்ஜ்: பிடிகொடுக்காமல் பேசு
- செக்: கட்டுப்படுத்து
- சாப்: வலுவை உறிஞ்சு
- ஹஸ்பண்ட்: சிக்கனமாகக் கையாள்
- டேபிள்: அமெரிக்க வழக்கில் விவாதத்தை ஒத்திவை (பிரிட்டிஷ் வழக்கில் விவாதத்துக்கு முன்வை, தேர்வு அமெரிக்காவினுடையது என்பதை மறக்காதீர்கள்)

ஃப்ளாஷ் கார்டு ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. அவை சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றன. எனக்கோ பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால்தான் பதியும். கையால் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் போடுங்கள்.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பலுக்கு 27 கேள்விகள், 41 நிமிடம். சின்னச் சொற்களில் தயங்காமல் மிச்சம்பிடிக்கும் நேரம் அத்தனையும் ரீடிங் பத்திகளுக்குத் தேவைப்படும். கடைசி வாரம் புதுச் சொல் எதையும் தொடாதீர்கள். இந்தப் பக்கங்களில் பொருளை மறைத்துவிட்டுச் சொற்களை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிற சொல்லை மட்டும் மறுநாள் திரும்ப எழுதுங்கள்.