சாம்பல் பூத்த தணல்

கடை ஊதுபத்தி எனக்கு ஒத்துவராது. வாசனை எண்ணெயில் தோய்த்த குச்சி, கொளுத்திப் பத்து நிமிடத்தில் தலையிடி. சரி, அம்மம்மா போட்ட மாதிரி தணலில் சாம்பிராணி போட்டுப் பார்ப்போம் என்று வைகாசியில் தொடங்கினேன்.

முதல் நாளே சொதப்பல். சிரட்டைக்கரி செக்கச் சிவந்து கனன்றபோது சாம்பிராணிக் கட்டியைத் தூக்கிப் போட்டேன். கரும்புகை, கருகல் நாற்றம். குசினியிலிருந்து அம்மா, "என்ன பிள்ளை, வீட்டை எரிக்கிறியோ? தணலில சாம்பல் பூக்கட்டும், பிறகு போடு" என்றார்.

விசயம் அதுதான். சாம்பிராணி மரத்துப் பிசின். சூடு மிஞ்சினால் எரிந்து கருகும். அளவான சூட்டில் உருகி மணக்கும். இப்போது அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தணல்மேல் மெல்லிதாகத் தூவி, அதன்மேல் மிளகளவு துண்டு ஒன்றுதான் வைக்கிறேன். புகை பாதி, மணம் இரட்டிப்பு.

இன்னொரு பிசினான குங்கிலியத்தைத் தனியாகப் போட்டால் கோயில் மண்டபம் மாதிரிப் புகை அடைக்கிறது. அரிசி வாங்க மனைவி கொடுத்த தாலிக்கும் குங்கிலியமே வாங்கிய குங்கிலியக்கலய நாயனார் என்னை மன்னிக்க வேண்டும். என் கணக்கு: சாம்பிராணி 2 பங்கு, குங்கிலியம் 1 பங்கு, காய்ந்த வேப்பிலை ஒரு சிட்டிகை.

ஆடியில் ஆசை பெருத்தது. சந்தனத்தூள், கரித்தூள், தண்ணீர் சேர்த்துப் பிசைந்து 12 தூபக் கூம்புகள் பிடித்து மொட்டைமாடியில் வைத்தேன். திருகோணமலையில் அடிக்கும் கச்சான் என்ற வறண்ட காற்றை மறந்துவிட்டேன். (நிலக்கடலைக்கும் அதே பெயர், ஆனால் இந்தக் கச்சான் நம்மைத்தான் வறுக்கும்.) பின்னேரத்துக்குள் வெளிப்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் நிற்க, 9 வெடித்துப்போயின. அடுத்த முறை சோற்றுக்கஞ்சி விட்டுப் பிசைந்து, சுளகில் பரப்பி, நிழலில் 4 நாள் காயவிட்டேன். வெடிக்கவில்லை. ஆனால் கஞ்சி கூடிவிட்டது போல, மூன்று பாதியிலேயே அணைந்தன. கூம்பை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

மனம் ஆறுகிறதா என்று கேட்டால், ஆறுகிறது. தணல் சாம்பல் பூக்க 20 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கைபேசியும் உள்ளே கிடக்கும். காற்று வாகாக இருந்தால் பத்திரகாளி அம்மன் கோயில் மணியும் கேட்கும். பாதி அமைதி அந்தக் காத்திருப்பில்தான் வருகிறதோ என்று சந்தேகம்.

இயற்கையானது என்றாலும் புகை புகைதான். மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருப்பதால் வீட்டுக்குள் போடுவதில்லை. விறாந்தையில், அதுவும் அவன் ரியூசனுக்குப் போன பிறகு.

போன வெள்ளிக்கிழமை அம்மா தலை முழுகிவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தூபக்காலைத் தன் பக்கம் இழுத்து, கூந்தலை விரித்துக்கொண்டு இருந்தார்.