பூஸ்ட் குறைகிறதா? டர்போவைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். "கேஜ்ல பூஸ்ட் ஏறவே மாட்டேங்குது, டர்போ போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த கியரில் எவ்வளவு மிதித்துப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நிறையப் பேர் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் முறுக்கிவிட்டு பயந்துபோகிறார்கள். லோடு இல்லாதபோது டர்போவின் சக்கரமான டர்பைனை வேகமாகச் சுற்றும் அளவுக்கு எக்ஸாஸ்ட் வராது, அதனால் அங்கே முள் ஏறாததுதான் சரி. காலி ரோட்டில், மூன்றாவது கியரில், 1500 ஆர்பிஎம்மிலிருந்து 3000 தாண்டும்வரை முழுசாக மிதித்துப் பாருங்கள், எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது அந்த எண். ஓபிடி டாங்கிள் (காரின் ஸ்கேன் போர்ட்டில் செருகும் சின்னக் கருவி) வழியாக போனில் வருவது பெரும்பாலும் மேனிஃபோல்டின், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின், மொத்த அழுத்தம். 180 கிலோபாஸ்கல் காட்டினால் அதில் 100 வெளிக்காற்றினுடையது, மீதி 80தான் டர்போ தந்தது, அதாவது 11.6 பிஎஸ்ஐ. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டவேண்டும்: சென்னையில் 100 பக்கம், ஊட்டியில் 77 பக்கம். சென்னையிலேயே 85 காட்டினால் சந்தேகம் சென்சார் மேல்தான். பெட்ரோல் டர்போ ஐடிலில் 30, 40 காட்டும், அது வேக்யூம், பயப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் பூஸ்ட் குறைகிறது என்றால் ஹோஸ்களைப் பாருங்கள். நண்பர் ஒருவரின் டீசல் கார் 150ஐத் தாண்டவில்லை, மிதித்தால் கரும்புகை, கூடவே 'உஸ்' என்று ஒரு சத்தம். வொர்க்‌ஷாப்பில் டர்போ மாற்றவே எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள், எனக்கு அது இன்னும் ஆறவில்லை. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில், அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி நகத்தளவு கீறல், சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தது. கையால் அழுத்தினால் மூடிக்கொள்ளும், பிரஷர் ஏறினால்தான் வாய் திறக்கும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஸ்மோக் டெஸ்ட் செய்தால் புகை கசியும் இடம் தெரிந்துவிடும்.

ஹோஸ் நன்றாக இருந்தால், அடுத்துப் பார்க்கவேண்டியது பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய். இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கும். வேக்யூம் ஆக்சுவேட்டராக இருந்தால் கைப்பம்பு போட்டு இழுத்துப் பாருங்கள், ராடு நகர்ந்து அப்படியே நிற்கவேண்டும், மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். ஸ்கேனரில் பி0299 (பூஸ்ட் போதவில்லை என்னும் கோளாறு கோட்) இருந்தால், கோளாறைச் சரிசெய்தபின் அதை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், லிம்ப் மோடில், அதாவது கோளாறினால் சக்தியைக் குறைத்துக்கொண்ட நிலையில், நிற்கும் வண்டி எவ்வளவு மிதித்தாலும் முழு பூஸ்ட் தராது. இத்தனைக்கும் பிறகு டர்போவின் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டும்போது கம்ப்ரசர் வீல் ஹவுசிங்கில் உரசினால், சரி, டர்போவைக் கழற்றச் சொல்லுங்கள்.